கல் கிடந்த இடம்

என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. போன மாதம் ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் நாம் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். உங்களில் ஒருவர் செல்போனில் நம் ஊரின் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் நடுவில் உள்ள கோடு நல்ல பிள்ளையாகத்தான் வருகிறது. பேரிகை தாண்டி நம் ஊருக்கு வடக்கே வந்ததும் மட்டும் மூக்கு மாதிரி வடகிழக்கே நீண்டு, பிறகு இறங்குகிறது. "இந்த எடத்துல மட்டும் எதுக்கு இப்பிடி இழுத்திருக்காங்க?" என்று கேட்டீர்கள். அதற்குள் பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

அந்த மூக்கை இழுத்தது என் பெரியம்மா. இலையை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை அது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கை இருவரைக் கட்டியிருந்தார்கள். பெரியப்பாவின் மனைவி பெரியம்மா. அவருடைய தங்கை என் அம்மா. இரண்டு பெண்களும் பிறந்தது வடக்கே, கன்னடம் பேசுகிற ஒரு ஊரில். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். அடுப்படியில் இருவரும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். எங்களோடு தமிழ். மாட்டோடு தெலுங்கு, ஏனென்றால் மாட்டை விற்றவர் தெலுங்குக்காரர், வேறு பாஷை சொன்னால் அது நகராது. எந்த வார்த்தை எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் "டீச்சர், அவ சும்னே இருக்க மாட்டேங்கிறா" என்று, 'சும்மா'வைக் கன்னடத்தில் சொன்னதற்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

வீட்டுக்கு வடக்கே எங்கள் நிலம். அதன் மேற்கு மூலையில் கிணறு. பெரியப்பா கல்யாணமான புதிதில் வெடி வைத்து, பாறை உடைத்து, தானும் கூலிக்காரர்களோடு இறங்கி மண் சுமந்து வெட்டிய கிணறு. உங்களில் சிலர் அதில் குதித்திருக்கிறீர்கள், பெரியப்பாவிடம் ஓட ஓட அடியும் வாங்கியிருக்கிறீர்கள். அப்போதுதான் அதற்குப் பம்ப் செட் வந்திருந்தது. நம் பக்கம் விவசாயத்துக்குக் கரண்டு இலவசம் என்று அறிவித்த காலம். மோட்டாரைப் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் முதலில் இருமும், பிறகு துப்பும், பிறகுதான் கொட்டும். அந்த இருமலைக் கேட்கவே நான் வாய்க்காலில் போய் நிற்பேன்.

நிலத்துக்குக் கிழக்கே, மாந்தோப்பை ஒட்டி, நாலைந்து குடிசைகள். அதில் ஒன்றில் என் தோழியும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். தோழியின் அப்பா கல் உடைக்கும் குவாரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மா எங்கள் தோப்பிலும் பக்கத்துத் தோப்புகளிலும் மாங்காய்க் காவல். குரங்கு விரட்டுவதற்கு அவர் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் எங்கள் வகுப்பு வரை கேட்கும். தோழி நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மா" என்பாள், யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட்டது போல.

பள்ளிக்கூடத்தில் ஒரு படம் தொங்கியது, நினைவிருக்கிறதா? நம் மாநிலம் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். வடக்கேயும் மேற்கேயும் வெறும் வெள்ளை. நம் ஊர் அந்த வெள்ளையின் விளிம்பில் இருந்தது. தெற்கேயிருந்து மாற்றலாகி வந்த டீச்சர், படத்தைப் பார்க்காமல் வரைந்து வரச் சொன்னார். என் தோழி வரைந்து வந்தாள். அவள் படத்தில் வெள்ளையே இல்லை. கோட்டுக்கு வடக்கே ஒரு ஏரி, ஒரு கோயில், அவள் சித்தி வீடு, சித்தி வீட்டு வாசலில் ஒரு நாய்.

"அது வேற மாநிலம். அதெல்லாம் போடக் கூடாது," என்றார் டீச்சர்.

"அங்க நாய் இருக்குது டீச்சர். நான் பாத்திருக்கேன்," என்றாள் தோழி.

டீச்சர் நாயின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். கெட்டவர் இல்லை அவர். வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் மாமரம் பூத்து, இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்த மாசி மாதத்தில்தான் சர்வேக்காரர்கள் வந்தார்கள். இரண்டு மாநிலமும் சேர்ந்து எல்லைக் கற்களைச் சரிபார்க்கிறார்களாம். புளியந்தோப்பில் கூடாரம் அடித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்புகள், தரையில் இழுபடும் இரும்புச் சங்கிலி, மூன்று கால் மேல் உட்கார்ந்த பித்தளைக் கருவி. நம் பக்கத்து சர்வேயர் வயதானவர், குடை இல்லாமல் ஒரு அடி நகரமாட்டார். அந்தப் பக்கத்து சர்வேயர் இளவயசு. பெரியம்மாவின் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்ததும் அவருக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. களி கிண்டிப் போட்டால், "நம்ம மனெ ஊட்டா தரானே இதெ" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார். தங்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு அன்று முழுக்க நடையே வேறாக இருக்கும்.

மேற்கே குன்றின் மேல் ஒரு எல்லைக் கல் கிடைத்துவிட்டது. கிழக்கே ஏரிக்கரையில் ஒரு கல் கிடைத்துவிட்டது. நடுவில் இருக்க வேண்டிய கல்லைக் காணோம். நம் பக்கத்துப் பழைய படம் அதை ஒரு பாறைக்குப் பக்கத்தில் காட்டியது. அந்தப் பக்கத்துப் படம் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் காட்டியது. பாறையை எப்போதோ உடைத்து விற்றாயிற்று, புளியமரத்தை எப்போதோ வெட்டியாயிற்று. குடைக்கார சர்வேயர் மோர் குடித்துக்கொண்டே பெரியம்மாவிடம் சொன்னார்:

"இந்தப் படத்துல கோடு இவ்வளவுதாம்மா தடிமன். தரையில வந்தா இந்தத் தடிமனே ஒரு தென்னமர நீளம் இருக்கும். அன்னிக்கு வரைஞ்ச ஆளோட பென்சில் முனை மழுங்கியிருந்தா, ஒரு வீடு அந்தப் பக்கம் போயிரும்."

"போயி?" என்றார் பெரியம்மா.

"போயி என்ன? வேற சர்க்காரு."

கல் எங்கள் வீட்டுப் புழக்கடையிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்தது சங்கிலி இழுக்கிறவர். கால் கழுவ வந்தவர், அம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நுரை வழிந்து ஓடிய இடத்தில் ஏதோ செதுக்கியிருப்பதைப் பார்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தார். ஒரு கூட்டல் குறி, அதன் கீழே தேய்ந்துபோன எண்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு சர்வேயர்களும் ஈரத் தரையில் மண்டியிட்டு அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பாதி துவைத்த வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். இரண்டு மாநிலத்தின் எல்லையில் எத்தனையோ வருஷமாக எங்கள் பாவாடைகளை அடித்துத் துவைத்திருக்கிறோம்.

"இது எப்பிடிங்க இங்க வந்துச்சு?"

பெரியம்மாதான் சொன்னார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் துவைக்க நல்ல கல் இல்லை. கரடுமுரடான பாறையில் துவைத்துப் புதுப்புடவை கிழிந்துபோய் அழுதிருக்கிறார். மாமனார், அதாவது என் தாத்தா, நிலத்து ஓரத்தில் நட்டிருந்த ஒரு தட்டையான கல்லைப் பெயர்த்து மாடு கட்டி இழுத்து வந்து போட்டாராம். எல்லைக் கல் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மருமகள் அழுகைதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். தாத்தா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

"எந்த எடத்துல இருந்து எடுத்தாருன்னு தெரியுமாம்மா?"

பெரியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "யோசிக்கணும்," என்றார்.

இரண்டு சர்வேயர்களும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பெரியம்மா இடத்தைக் காட்ட வேண்டும், அதையே இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு சர்க்கார், இத்தனை சங்கிலி, பித்தளைக் கருவி எல்லாம் வந்து, கடைசியில் துணி துவைக்கக் கல் கேட்டு அழுத ஒரு பெண்ணிடம் வந்து நின்றது.

அப்பா சும்மா இருக்கவில்லை. சர்வேயரைத் தனியே கூட்டிப்போய் விசாரித்துவிட்டு வந்தார். துணி காயப்போடுகிற கயிற்றைக் காட்டி எங்களுக்கு விளக்கினார். "ரெண்டு முனையும் கட்டியாச்சு. நடுவுல புடிச்சு எந்தப் பக்கம் இழுக்கறோமோ, கோடு அப்பிடிப் போவும். கல்லு மேக்கால, பாறை இருந்த எடத்துக்குக் கிட்டன்னு வையி, கெணறு நம்ம பக்கம். கெழக்கால புளியமரத்துக்கிட்டன்னு வையி, கெணறு அந்தப் பக்கம் போயிரும். மோட்டாருக்குக் கரண்டு கட்டு."

"கெணறு எடம் மாறுமாடா? அங்கயேதான இருக்கும்," என்றார் பெரியம்மா.

"தண்ணி இருக்கும் அண்ணி. யாரு எறைக்கிறது?"

"மேக்கால வெச்சா குடிசைங்க?" என்று அம்மா கேட்டார்.

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். "அது அந்தப் பக்கம் போவும். அவங்களுக்கு என்ன, எங்க இருந்தாலும் கூலிதான?" என்றார். பிறகு பெரியம்மாவிடம், "அண்ணி, மேக்காலதான இருந்துச்சு?" என்றார்.

"நாளைக்குத்தான கேக்கறாங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடியைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா புழக்கடையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். சின்ன இரும்புச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுத்து ஒருபுறம், சதையை ஒருபுறம். நானும் தோழியும் எதிரே உட்கார்ந்து நார் உரித்தோம். புளி வாசத்தில் வாயெல்லாம் ஊறும். தோழி மட்டும் அன்றைக்கு ஒரு சுளை கூட வாயில் போடவில்லை.

"டீச்சர் சொன்னாங்க, நாங்க அந்தப் பக்கம் போயிட்டா என் பேரை அடிச்சிருவாங்களாம்," என்றாள்.

"அங்கயும் இஸ்கூல் இருக்குதில்ல?" என்றேன் நான்.

"தூரமா இருக்குது. கன்னடம் எழுதணும். எனக்கு எழுத வராது." கொஞ்ச நேரம் நார் உரித்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "அந்த இஸ்கூல்ல மத்தியானம் சோறு போடுவாங்களா?" என்று கேட்டாள்.

நம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. அந்த அலுமினியத் தட்டும், கொதிக்கிற சாம்பாரில் மிதக்கிற பூசணியும் உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் சிலருக்கு அது விளையாட்டு. தோழிக்கு அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. அவள் தட்டிலிருந்து பாதியை இலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய அம்மாவுக்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாய்க்கு என்று நினைத்தேன்.

 பெரியம்மா சுத்தியை வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு உருண்டை களியும் கடைந்த கீரையும் கொண்டுவந்து தோழி முன் வைத்தார். "தின்னு," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஊரே நிலத்தில் கூடியது. குடிசைக்காரர்களும் வந்து தள்ளி நின்றார்கள். தோழியின் அம்மா கையில் தகர டப்பாவோடு நின்றார், தட்டவில்லை. மேற்கே பாறை இருந்த பள்ளத்தில் ஒருவர் கம்பு பிடித்து நின்றார். கிழக்கே வெட்டிய புளியமரத்தின் வேர் கிடந்த இடத்தில் இன்னொருவர். நடுவில் பெரியம்மா. புதுப்புடவை கட்டியிருந்தார்.

"நிதானமா யோசிச்சுக் காட்டுங்கம்மா," என்றார் குடைக்காரர்.

பெரியம்மா மேற்கே கொஞ்சம் நடந்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது. கிணற்றுப் பக்கம் போய் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு திரும்பினார். கிழக்கே நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். புளியமர வேரைத் தாண்டி, குடிசைகளுக்கும் வடக்கே போய், ஒரு ஊமத்தஞ்செடிக்குப் பக்கத்தில் நின்று காலால் தரையைத் தட்டினார்.

"இங்க."

"நல்லாத் தெரியுமாம்மா?"

"எனக்காகத்தான் எடுத்தாரு. எனக்குத் தெரியாதா?"

அப்பா, "அண்ணி," என்றார். குடைக்கார சர்வேயர் பெரியப்பாவைப் பார்த்தார். "நீங்க என்னங்க சொல்றீங்க? இது சரிங்களா?"

பெரியப்பா கிணற்றுப் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காதிலிருந்த பீடி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

இளவயசு சர்வேயர் கன்னடத்தில் "ஆய்த்து" என்றார். முடிந்தது. சுண்ணாம்பால் குறி போட்டார்கள்.

அதோடு பெரியப்பா பெரியம்மாவிடம் பேசுவதை நிறுத்தினார்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. சித்திரையில் லைன்மேன் வந்தார். எப்போதும் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடிக்கிறவர், அன்று மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறினார். ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "மேல இருந்து ஆர்டர், என்னைத் திட்டாதீங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் கரண்டு கேட்டு அப்பா அலைந்தார். முதலில் பட்டாவை அந்தப் பக்கம் மாற்றி வா என்றார்கள். தக்காளி நாற்று கருகியது. அப்பாவும் அம்மாவும் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தார்கள், பத்தவில்லை. மாங்காய் மட்டும் அந்த வருஷம் பழுதில்லை. ஆனால் கிணற்றோரத்து மரங்களின் காயை வண்டியில் ஏற்றி ரோட்டு வழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்தபோது செக்போஸ்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். சொந்த மாங்காயைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுவர அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா பெரியம்மாவைத் திட்டவில்லை. அண்ணி என்ற மரியாதை போகவில்லை. அவர் கையால் போட்ட சோற்றைத் தின்பதை மட்டும் நிறுத்திவிட்டார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா வீட்டின் தெற்கு மூலையில் மூன்று கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டினார். மூட்டும்போது புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். வடக்கு மூலையிலிருந்து பெரியம்மா கன்னடத்தில், "ஈர விறகு வெச்சிருக்க, மாத்து," என்று மட்டும் சொன்னார்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு. எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது, இரண்டு இடத்தில் சாப்பிடலாம். அம்மா அடுப்பில் ருசியாக ஏதாவது ஆனால் ஒரு கிண்ணத்தில் போட்டு என் கையில் கொடுத்து, "உங்கப்பா பாக்காம" என்பார். அங்கிருந்தும் கிண்ணம் காலியாகத் திரும்பாது. கிண்ணத்தோடு நடு வீட்டைத் தாண்டும்போது, கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஊரில் பெரியம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஞாபகம் தப்பிப்போச்சு என்றார்கள் சிலர். பொறந்த வீட்டுப் பாசம், கர்நாடகாவுக்கு நிலத்தைத் தூக்கிக் கொடுத்துட்டா என்றார்கள் சிலர். அவர் காதிலும் விழுந்தது. "பேசட்டும். வாய் வலிச்சா நிறுத்துவாங்க," என்றார் என்னிடம்.

அந்த நாட்களில் ஒருமுறை தோழியின் அம்மா புழக்கடைக்கு வந்தார். தலையில் ஒரு கட்டு விறகு. இறக்கி வைத்தார். வழக்கமாக வாசல் தாண்டாதவர், அன்று பெரியம்மா பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என்னைப் பார்த்ததும், "போடி, போயி வெளையாடு," என்றார். மாடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தெலுங்கு மாட்டுக்குத்தானே.

வைகாசியில் அப்பா ஓசூருக்கு வேலைக்குப் போனார். அங்கே புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. முதலில் கட்டிட வேலை, பிறகு அதே கம்பெனியில் மெஷின் துடைக்கிற வேலை, பிறகு ஷிப்டு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தாலும் அவர் கையில் ஆயில் வாசம் போகாது. அந்தச் சம்பளத்தில்தான் நான் கிருஷ்ணகிரிக்குப் போய்க் கல்லூரியில் படித்தேன். கிணறு நம் பக்கமே இருந்திருந்தால் அப்பா நிலத்தை விட்டுப் போயிருக்கமாட்டார், நானும் படித்திருக்கமாட்டேன். இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "அதுக்காக அண்ணிக்கு நன்றி சொல்லணுமா?" என்றார். கடைசி வரை அவருக்கு மெஷின் சத்தம் பிடிக்கவில்லை. பயிருக்குத் தண்ணீர் கட்டத் தெரிந்த மனுஷன் முப்பது வருஷம் இரும்புக்கு எண்ணெய் விட்டார். அது அவருக்கு நஷ்டம்தான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பெரியப்பா பேச ஆரம்பித்தது மழைக்காலத்தில். ஐப்பசியில் விடாமல் அடித்த மழையில் ஓட்டு இடுக்கு வழியாக வீடு முழுக்க ஒழுகியது. எல்லோரும் பானையும் குண்டானுமாக ஓடினோம். பெரியம்மா ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று திகைத்து நின்றார். கட்டில் மேல் ஏறி ஓட்டைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியப்பா, "அதை இங்க வையி, என் காலுக்குக் கீழ," என்றார். பெரியம்மா வைத்தார். "இன்னும் கொஞ்சம் இந்தால." நகர்த்தினார். அண்டாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அடுப்புகள் மட்டும் இரண்டாகவே இருந்தன. பிறகு ஒரு கேஸ் அடுப்பு வந்தது, அப்புறம் இன்னொன்று.

தோழி நம்மோடு எட்டாவது வரை படித்தாள், பிறகு பேரிகையில் பத்தாவது, பிறகு நர்ஸ் படிப்பு. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, சமீபத்தில்தான் விருப்ப ஓய்வு பெற்றாள். உங்களில் இரண்டு பேருக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்தான்.

பெரியம்மா இறந்தது நான் பேரன் எடுத்த பிறகு. நோய் என்று படுக்கவில்லை. காலையில் களி கிண்டியவர் மத்தியானம் இல்லை. வடக்கேயிருந்து பிறந்த வீட்டுச் சனம் வந்தது, கன்னடத்தில் ஒப்பாரி வைத்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா வடக்கு மூலையில், அக்காளின் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, யார் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பகலில், வந்த சனம் கலைந்த பிறகு, பெரியப்பா வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். தோழி அவளுடைய அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டி வந்திருந்தாள். அந்த அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது, கண் பார்வை பாதிதான். ஆனால் காது கூர்மை. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். வேண்டாம் என்று தரையில் உட்காரப் போனவரை, பெரியப்பா, "ஒக்காரும்மா, முட்டி தாங்காது," என்று சொல்லி உட்கார வைத்தார்.

 பெரியப்பா என்னிடம், வெயிலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்:

"கல்லு மேக்காலதாம்மா இருந்துச்சு. பாறைக்குக் கிட்ட."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கல்லு பெரியப்பா?"

"தொவைக்கிற கல்லு. எங்கப்பா பேத்தாரு. மாடு பூட்டி இழுத்துட்டு வந்தது நானு. வழியில ஒரு எடத்துல மாடு மொரண்டு புடிச்சு, சங்கிலி அறுந்து என் கால்ல விழுந்துச்சு. இந்தா பாரு." கணுக்காலில் வெளுத்த தழும்பு இருந்தது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கே பட்டது என்று கேட்டதில்லை.

"அப்ப அன்னிக்கு அவங்க கெழக்கால காட்டுனப்ப?"

"பொய்யின்னு தெரிஞ்சுது."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் தோழியின் பக்கம் பார்க்காமல், கோழி கிளறுகிற மண்ணைப் பார்த்துச் சொன்னார். "மொத நாளு சாயங்காலம் இந்தப் புள்ள பொழக்கடையில களி தின்னுட்டு இருந்துச்சு. நான் உள்ள இருந்து பாத்தேன். வேகவேகமாத் தின்னுச்சு. அதுக்கப்பறம் என்னான்னு சொல்றது?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம் எதுக்கு பெரியப்பா அத்தனை மாசம் அவங்ககிட்டப் பேசாம இருந்தீங்க?"

"கோவந்தான். கெணறு என் கையால வெட்டுனது. பொய்யின்னு சொல்லவும் மனசு வரல, போவட்டும்னு விடவும் மனசு வரல. மாங்கா எறக்கி முடியறதுக்குள்ள கோவம் போயிருச்சு. அப்பறம் பேச்சை எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஒழுகற மழை வந்துச்சு, நல்லதாப் போச்சு." கணுக்காலைத் தடவிக்கொண்டார். "மாட்டை ஓட்டுனது நான்னு அவளுக்கு ஞாபகம் இருந்துச்சான்னுதான் தெரியல. நானும் கேக்கல, அவளும் சொல்லல. மறந்துதான் போயிருப்பா."

 தோழியின் அம்மா குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார்.

"எதுக்குங்கய்யா மறப்பாங்க? அந்த வருசமே எங்கிட்ட சொன்னாங்க. நான் வெறகு போட வந்தேன் பாருங்க, அன்னிக்கு. 'நான் பொய் சொன்னது பெருசில்ல. மாட்டை ஓட்டுன மனுசன் எதுக்கால நின்னுட்டு, ஆமான்னாரு பாரு, அதுதான் பெருசு. அவரு வாயத் தொறந்திருந்தா உம்புள்ளைக்கு ஏது இஸ்கூலு'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க."

 பெரியப்பா, சின்னப் பிள்ளை குறை சொல்வது போல, "எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றார்.

"நீங்கதான் அவங்ககிட்டப் பேசவே இல்லியே ஐயா. அப்பறம் எங்க போயிச் சொல்லுவாங்க?"

பெரியப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போன பிறகு முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அந்தத் துண்டை நெடுநேரம் எடுக்கவே இல்லை.